முதன்மைச் சாலையில் வீட்டுக்கு ஒரு புதிய வாயில்

திருவனந்தபுரத்தில் எம்.சி. ரோட்டை ஒட்டிய நாலாஞ்சிறாப் பகுதியில் வசித்துவரும் மூத்த வாடிக்கையாளர் தம்பதியர், சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, வீட்டு மேம்பாட்டுக் கடன் குறித்து விசாரிக்க நம் கிளை ஒன்றுக்கு வந்திருந்தனர். கேட்ட தொகை பெரிதன்று. சாலையை நோக்கிய மதிலில் ஒரு பகுதியை இடித்து, கார் நுழையும் அளவுக்கு ஒரு கேட் வைக்க வேண்டும்; அவ்வளவே. அவர்களுடைய ஆறு சென்ட் மனைக்கு இருந்த ஒரே வாயில் பக்கத்துச் சந்தில் இருந்தது. வீடு கட்டிய காலத்தில் ஸ்கூட்டர் போய்வர அது போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி ஏற்பட்டபோது, வந்த ஆம்புலன்ஸ் சந்தின் முனையிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை அமர்த்தி, அண்டை வீட்டார் இருவர் சாலைவரை தூக்கிச் சென்றனர். அவர் உடல் தேறி வீடு திரும்பிய வாரமே, சாலைப் பக்கம் கேட் வைப்பது என்று குடும்பத்தில் முடிவாயிற்று.

கொத்தனாரிடம் பேசியாயிற்று, மூன்று நாள் வேலை என்று அவர் சொல்லியிருந்தார். இரும்புக் கேட்டுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் கிளையில் அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அவர்களிடம் விடை இல்லை. அந்தச் சாலை யாருடைய பொறுப்பில் உள்ளது? மதிலுக்கு வெளியே வடிகால் இருக்கிறதா? உள்ளே சென்ற கார் எப்படித் திரும்பி வெளியே வரும்? இந்த மூன்று கேள்விகளும் கடன் விண்ணப்பப் படிவத்தில் இருப்பவை அல்ல. ஆயினும், பரபரப்பான சாலையோரம் வீடு வைத்திருக்கும் எவரும் மதிலில் கடப்பாரை வைப்பதற்கு முன்பு தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை. அவர்களுக்குச் சொன்னதையும், அவர்களோடு சேர்ந்து நாம் அறிந்துகொண்டதையும் இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

மதிலுக்கும் தாருக்கும் நடுவே

வீட்டு மதிலுக்கும் தார்ச்சாலையின் விளிம்புக்கும் நடுவே சில அடி அகலத்தில் ஒரு பட்டை நிலம் இருக்கும். அதில் நடைபாதை, வடிகால், மின்கம்பம், தொலைபேசிப் பெட்டி, சில இடங்களில் ஒரு மரம், எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பொருள்கள் அதற்கடியில் இன்னும் அதிகம். அருவிக்கரையிலிருந்து நகருக்குக் குழாய்வழிக் குடிநீர் வரத் தொடங்கியது 1933-இல்; அதன் பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் புதைத்த குழாய்களும் கம்பிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக மண்ணுக்குள் கிடக்கின்றன. நாள்தோறும் நாம் மிதித்துக் கடப்பதாலோ, பூச்செடி வைத்து வளர்ப்பதாலோ அந்தப் பட்டை நமதாகிவிடாது. அது சாலையின் ஒரு பகுதி. புதிய வாயில் தொடர்பான சிக்கல்களில் பெரும்பாலானவை, வீட்டுக்காரர் தம் சொந்த மதிலைத் திறக்கும்போது இந்தப் பட்டையையும் சேர்த்தே திறக்கிறார் என்பதை மறந்துவிடுவதால் எழுபவை.

எனவே முதல் வேலை, எல்லையை அறிவது. ஆவணத்தில் உள்ள பரப்பளவும், வில்லேஜ் அலுவலகத்தில் உள்ள அளவும், மதில் நிற்கும் இடமும் பல மனைகளில் ஒத்துப்போவதில்லை. சாலையோர மனைகளில் இந்த வேறுபாடு சற்று அதிகம். சாலை விரிவாக்கத்துக்காக என்றோ விட்டுக்கொடுத்த நிலம் கணக்கில் குறையாமல் இருக்கும், அல்லது மதிலே சில அங்குலம் வெளியே தள்ளி எழும்பியிருக்கும். தாலுகா அளவையர் மூலம் எல்லைக்கல்லை உறுதி செய்துகொள்வதற்கு ஆகும் செலவு, பின்னால் கேட்டைப் பெயர்த்து உள்ளே தள்ளி வைக்கும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

பொதுச் சாலையை ஒட்டி நிலம் உடையவருக்குத் தம் நிலத்தின் எந்த இடத்திலிருந்தும் சாலையை அடையும் உரிமை உண்டு என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவந்துள்ள கோட்பாடு. இதைக் கேள்விப்பட்டவர்கள் "அப்படியானால் அனுமதி எதற்கு?" என்று கேட்பதுண்டு. அந்த உரிமை சாலையின் பாதுகாப்பு கருதி விதிக்கப்படும் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்பதே அதற்கு விடை. சாலையை அடையலாம், ஆனால் வடிகாலை அடைத்து, நடைபாதையை வெட்டி, வளைவில் கண்மறைவான இடத்தில் அடைய முடியாது.

சாலை யாருடையது?

ஒரே நகரத்துச் சாலைகளுக்கு உரிமையாளர்கள் பலர். திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்திலிருந்து கோவளத்தின் அருகாகக் காரோடு நோக்கிச் செல்லும் புறவழிச்சாலை, தேசிய நெடுஞ்சாலை 66. கேசவதாசபுரத்தில் தொடங்கி அங்கமாலி வரை செல்லும் எம்.சி. ரோடு மாநில நெடுஞ்சாலை 1. நெடுமங்காடு வழியாகச் செங்கோட்டை நோக்கிச் செல்வது மாநில நெடுஞ்சாலை 2. மாநில நெடுஞ்சாலைகள் பொதுப்பணித் துறையைச் சார்ந்தவை. நகருக்குள் மேம்படுத்தப்பட்ட சில முக்கியச் சாலைகளைக் கேரள சாலை நிதி வாரியம் கவனிக்கிறது. உட்புறத் தெருக்களும் சந்துகளும் மாநகராட்சியுடையவை. முப்பது ஆண்டு ஒரே வீட்டில் குடியிருந்தவர்களுக்கும் தங்கள் வாசலில் ஓடும் சாலை இவற்றில் எதில் சேரும் என்று உறுதியாகச் சொல்லத் தெரிவதில்லை. குறை சொல்ல இயலாது. பெயர்ப்பலகையில் அது எழுதப்பட்டிருப்பதில்லை. மாநகராட்சியின் மண்டல அலுவலகத்திலோ, அருகிலுள்ள பொதுப்பணித் துறைச் சாலைப் பிரிவின் உதவிப் பொறியாளரிடமோ கேட்டால் தெரிந்துவிடும்.

தேசிய நெடுஞ்சாலையில் கட்டுப்பாடு மிகவும் இறுக்கமானது. தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டம், 2002, நெடுஞ்சாலை நிர்வாகத்தின் முன் அனுமதியின்றி எவரும் வாகன வழி அமைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. புறவழிச்சாலையின் விரைவுப் பாதையில் நேரடியாக வாயில் திறக்க எண்ணுவதே வீண். அணுகு சாலை உள்ள இடங்களில் அதன் வழியாக மட்டுமே வழி கிடைக்கும். மாநில நெடுஞ்சாலைகளுக்குக் கேரள நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம், 1999 உள்ளது. களியக்காவிளைக்கு அப்பால், மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் உள்ள நம் வாடிக்கையாளர்களுக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 பொருந்தும். அங்கே அணுக வேண்டியது மாநில நெடுஞ்சாலைத் துறையை.

சாலைத் துறையின் அனுமதி ஒருபுறம் இருக்க, மதில் தொடர்பான அனுமதி மாநகராட்சியிடமிருந்து வர வேண்டும். கேரள நகராட்சிக் கட்டட விதிகள், 2019-இன்படி, பொதுத் தெருவை ஒட்டிய மதிலைக் கட்டவோ மாற்றிக் கட்டவோ அனுமதி தேவை. வீட்டின் உட்புறத்து மதிலுக்கு அது வேண்டியதில்லை என்பதால், சாலைப்புற மதிலுக்கும் வேண்டாம் என்று பல கொத்தனார்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தை 2024 ஜனவரி முதல் கே-ஸ்மார்ட் இணையதளம் வழியாகவே அளிக்கலாம். கேட்டின் கதவுகள் சாலைப் பக்கமாகத் திறக்கக் கூடாது. உட்புறமாக மடங்க வேண்டும், அல்லது மதிலை ஒட்டி நகர வேண்டும். கேட்டுக்கு மேலே ஓடு வேய்ந்த படிப்புரை வைக்கும் ஆசை நம்மூரில் பலருக்கு உண்டு. கேரள நகராட்சிச் சட்டத்தின் 220-ஆம் பிரிவு, தேசிய, மாநில, மாவட்டச் சாலைகளையும் அறிவிக்கை செய்யப்பட்ட பிற சாலைகளையும் ஒட்டிய மனையெல்லையிலிருந்து 3 மீட்டருக்குள் கட்டடம் எழுப்புவதைத் தடுக்கிறது. மதிலுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே கூரையுடன் கூடிய எதையும் வரைபடத்தில் வெளிப்படையாகக் காட்டி, எழுத்தில் பதில் பெற்ற பிறகே கட்டுவது நல்லது.

இத்தகைய நடைமுறை நம் நாட்டுக்கே உரிய தொல்லை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் வீட்டு முன் நடைபாதையின் விளிம்புக்கல்லைத் தாழ்த்திக் கார் ஏறும்படி செய்வதற்கு 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். வேலையை மன்றமே செய்யும், அல்லது அது ஏற்றுக்கொண்ட ஒப்பந்தக்காரர் செய்வார், செலவு வீட்டுக்காரருடையது. முக்கியச் சாலையாக இருந்தால், கார் பின்னோக்கி வெளியே வராமல் இருக்க மனைக்குள்ளேயே திருப்பும் இடம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

ஓட்டுநரின் கண் எங்கே இருக்கிறது?

அனுமதியைவிட முக்கியமான ஒரு செய்தியை இனிப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. எதிரே ஒரு கார் எட்டிப்பார்ப்பதைக் கண்டு, அதைப் புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைப்பதற்கு இரண்டரை நொடி என்பது இந்தியச் சாலைப் பேராயம் கொண்டிருக்கும் கணக்கு. அதற்குள்ளேயே 35 மீட்டர் போய்விடும். பிறகுதான் வேகம் குறையத் தொடங்குகிறது. ஆகவே அந்த வேகத்தில் பாதுகாப்பாக நிற்க 60 மீட்டர் தெளிவான பார்வை வேண்டும் என்கிறது பேராயம். 40 கிலோமீட்டருக்கு 45 மீட்டர், 60 கிலோமீட்டருக்கு 80 மீட்டர். பகலில் நெரிசலோடு ஊர்ந்து செல்லும் எம்.சி. ரோட்டில், இரவு பதினொரு மணிக்கு வண்டிகள் எந்த வேகத்தில் போகின்றன என்பதை அங்கே குடியிருப்பவர்களே சொல்லட்டும்.

மதிலுக்குள்ளிருந்து வெளிவரும் காரின் முன்பகுதி, ஓட்டுநரின் கண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் முன்னால் இருக்கிறது. ஆறடி உயர மதில் சாலையின் விளிம்புவரை நின்றால், ஓட்டுநர் சாலையைப் பார்க்கும் முன்பே காரின் மூக்கு சாலைக்குள் போயிருக்கும். பின்னோக்கி வரும் காரில் நிலைமை இன்னும் மோசம்; காரின் பின்பகுதி வெளியே சென்ற பிறகுதான் ஓட்டுநரின் பார்வை மதிலைத் தாண்டும். நடைபாதையில் பள்ளிக்குச் செல்லும் சிறுவன் அதற்குள் வந்துவிடுகிறான்.

இதைச் சோதித்துப் பார்க்கப் பொறியாளர் தேவையில்லை. கேட் வரப்போகும் இடத்தில், மதில் கோட்டிலிருந்து இரண்டரை மீட்டர் உள்ளே ஒரு முக்காலியில் அமருங்கள். கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மதில் இன்னும் இடிக்கப்படாததால், இடிக்க வேண்டிய இடத்தின் இரு ஓரங்களிலும் சாக்கட்டியால் கோடு போட்டு, அதே அமைப்பைச் சந்து முனையிலோ பக்கத்து வீட்டு வாயிலிலோ ஒத்திகை பார்க்கலாம். வீட்டிலுள்ள ஒருவர் சிவப்புத் துணியோடு சாலையோரமாக வலப்புறம் 60 மீட்டர் நடக்கட்டும். நாம் சாலையின் இடப்புறம் செல்பவர்கள் ஆதலால், வெளியே வரும் காருக்கு மிக அருகில் வரும் போக்குவரத்து வலப்புறத்திலிருந்தே வரும். துணி எந்த இடத்தில் மறைகிறது, எதனால் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மரத்தின் அடிப்பகுதியா, விளம்பரப் பலகையா, மதிலின் முனையா? மதிலின் முனையானால் அதைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது: கேட்டின் இருபுறமும் இரண்டு மீட்டர் நீளத்துக்கு மதிலை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, அதற்கு மேல் கம்பி வேலி வைக்கலாம், மதிலின் முனையை உட்புறமாகச் சாய்த்து வெட்டலாம். இடப்புறத்தையும் பார்த்துவிடுவது நல்லது. நம் சாலைகளில் எதிர்ப்புறமாக வரும் இருசக்கர வாகனங்கள் எந்த விதிநூலையும் படித்துவிட்டு வருவதில்லை.

சாலை வளைவிலோ, பேருந்து நிறுத்தத்தை ஒட்டியோ, சந்திப்புக்கு மிக அருகிலோ, பாதசாரிகள் கடக்கும் இடத்திலோ மனை அமைந்திருந்தால், மதிலின் எந்த முனையில் வாயில் வைத்தால் அவற்றிலிருந்து அதிகத் தொலைவு கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். சாலையின் நடுத்திட்டும் கணக்கில் வர வேண்டும். கரமனையிலிருந்து பிராவச்சம்பலம் வரை சாலை நான்கு தடமாக விரிந்தபோது நடுவே திட்டு வந்தது. அதுவரை நேர் எதிரே வலப்புறம் திரும்பிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்காரர்கள் இன்று இடப்புறம் சென்று, திட்டின் இடைவெளியில் திரும்பி வருகிறார்கள். விரிவாக்கத் திட்டம் நிலுவையில் உள்ள சாலையானால் புதிய எல்லைக்கோடு எங்கே வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்டுக்குச் செலவிடுவது, அடுத்த சில ஆண்டுகளில் அதே செலவை இரண்டாம் முறை செய்வதாக முடியும்.

உள்ளே திரும்ப இடம் உண்டா?

நாலாஞ்சிறாத் தம்பதியரின் வரைபடத்தில் கேட் இருந்தது, கார் இருந்தது. கார் திரும்பும் இடம் இல்லை. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே நான்கு மீட்டர். நேராக உள்ளே வந்து, பின்னோக்கியே எம்.சி. ரோட்டுக்குள் இறங்குவது என்பதுதான் அவர்கள் எண்ணியிருந்தது. கார் ஓட்டப்போவது பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் மகள் என்றும், அவள் நன்றாக ஓட்டுவாள் என்றும் அந்த அம்மா சொன்னார். நன்றாக ஓட்டுவதற்கும் மதிலுக்குப் பின்னால் இருப்பது தெரிவதற்கும் தொடர்பில்லை என்பதை அவர்களுக்கு விளக்கச் சற்று நேரம் பிடித்தது.

சிறிய கார்கள் திரும்பும் வட்டத்தின் ஆரம் சுமார் 5 மீட்டர். ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறும் அரைவட்டப் பாதைக்கு, இரு கேட்களின் அகலத்தையும் சேர்த்துக் குறைந்தது 15 மீட்டர் முகப்பு வேண்டும். நம் நகரத்தின் ஐந்து, ஆறு சென்ட் மனைகளில் அது பெரும்பாலும் இருக்காது. அதற்கு மாற்றாக, வீட்டின் ஒரு பக்கமாகக் காரைச் செலுத்தி, பக்கவாட்டில் விட்டிருக்கும் ஒரு சிறு களத்துக்குள் பின்னோக்கி நுழைத்து, முகம் சாலையைப் பார்க்கத் திருப்பிக்கொள்ளலாம். எழுத்தாக வரைந்தால் ஆங்கில 'டி' போல இருக்கும். இதற்குக் காரின் நீளமும் இன்னொரு மீட்டரும் கொண்ட இடம் பக்கவாட்டில் போதும். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வாடகைக்கு ஒரு காரை வரவழைத்து, ஒரு காலை நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிடுவதே சிறந்த வழி. தாளில் திரும்பும் கார் தரையில் பல வேளைகளில் திரும்புவதில்லை.

எப்படிப் பார்த்தாலும் இடம் கிடைக்காத மனைகளும் உண்டு. அங்கே போக்குவரத்து குறைந்த வேளையில் பின்னோக்கி உள்ளே நுழைந்து, முன்னோக்கி வெளியேறுவது, அதன் எதிர்முறையைவிடப் பாதுகாப்பானது. அதுவும் இயலாதெனில், சாலைப் பக்கம் வாயில் திறப்பதைவிட, சந்துப் பக்கத்து வாயிலை அகலப்படுத்தி, மதில் மூலையைச் சாய்த்து வெட்டிக் காரைத் திருப்ப வழி செய்வதே மேல் என்பது எங்கள் கருத்து. சந்தில் பொதுவழியுரிமை இருக்கிறதா என்பதை மட்டும் ஆவணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட் நிற்கும் இடம் பற்றி இன்னொன்று. கேட்டைத் திறக்க ஒருவர் இறங்கி வரும்வரை கார் எங்கே நிற்கும்? மதில் கோட்டிலேயே கேட் இருந்தால், காரின் உடல் நடைபாதையிலும் வால் சாலையிலும் நிற்கும். இடம் உள்ளவர்கள் கேட்டை ஒரு கார் நீளம், அதாவது ஐந்து மீட்டர் உள்ளே தள்ளி வைக்கலாம். இடமில்லாதவர்களுக்குத் தொலைவிலிருந்தே இயக்கும் நகரும் கேட் உதவும். அகலத்தைப் பொறுத்தவரை, ஒரு காருக்கு 3 மீட்டர் போதும், வசதியாகத் திரும்ப மூன்றரை. ஐந்து மீட்டர் கேட் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மீட்டரும் நடைபாதையிலிருந்து எடுக்கப்படுவது.

நடைபாதை, வடிகால், சரிவு

நம் நகரம் குன்றுகளின் மேல் அமைந்தது. சாலைக்கும் வீட்டுத் தரைக்கும் இரண்டடி, மூன்றடி வேறுபாடு இயல்பு. அந்த வேறுபாட்டைச் சரிவாக மாற்றும் வேலை முழுவதும் மனைக்குள்ளேயே நடக்க வேண்டும். நடைபாதையின் மேல் சிமென்ட் சரிவு கட்டிக் காரை ஏற்றுவது நம் தெருக்களில் எங்கும் காணும் காட்சி. ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு மேடு, ஒரு பள்ளம்; சக்கர நாற்காலியில் செல்பவரும், கைத்தடி ஊன்றி நடப்பவரும் வேறு வழியின்றிச் சாலையில் இறங்குகிறார்கள். பாதசாரிகளுக்கான சாலைப் பேராய வழிகாட்டுதல், தடையற்ற நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. வாயில் குறுக்கிடும் இடத்திலும் நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும். விளிம்பில் மட்டும் கார் ஏறும் அளவுக்குச் சிறு சாய்வு போதும்.

மனைக்குள் சரிவு பத்துக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் கார் எளிதில் ஏறும். எட்டுக்கு ஒன்று என்பதைத் தாண்டினால் மழையில் வழுக்கும், தரையில் காரின் அடிப்பகுதியும் உரசும். கேட்டுக்கு உட்புறம் ஒரு கார் நீளமேனும் சமதரை இருந்தால், ஓட்டுநர் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு தடுமாறாமல் நின்று சாலையைப் பார்க்க முடியும். வீடு சாலையைவிட உயரத்தில் இருந்தால், வெட்டுக்கல் மதில் பெரும்பாலும் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவராக இருக்கும். அதில் மூன்று மீட்டர் இடைவெளி விட்டால் இரு ஓரங்களிலும் மண் சரியும். பொறியாளர் ஒருவரைப் பார்க்கச் சொல்லாமல் அத்தகைய மதிலைத் தொடவே கூடாது.

வடிகாலைப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இடவப்பாதியிலும் துலாமழையிலும் அதன் பெரும்பகுதி சில நாள்களில் கொட்டித் தீர்க்கிறது. அந்த நீர் போக வேண்டிய வழி, நம் மதிலோரத்து ஓடை. 2015-இல் தம்பானூரும் கிழக்கேக்கோட்டையும் அடிக்கடி நீரில் மூழ்கியதைத் தொடர்ந்து 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் நகரின் வடிகால்களைத் தோண்டித் தூர்வாரியபோது, அவற்றின் மேல் எழுந்திருந்த ஆக்கிரமிப்புகள் பல அகற்றப்பட்டன. வீட்டுக்காரர் தம் கேட்டின் முன் ஓடையை நிரந்தரமாகக் கான்கிரீட்டால் மூடிவிடுவதும், அதற்குள் ஒரு சிறிய குழாயை மட்டும் பதித்து மண் நிரப்புவதும் அதே வகையைச் சேர்ந்தவைதான். ஓடையின் அகலமும் ஆழமும் குறையாமல், தூக்கி எடுக்கக்கூடிய சிலாப்புகளோ இரும்புக் கம்பித் தட்டிகளோ கொண்டு மூட வேண்டும். காரின் எடையைத் தாங்கும் கனம் அவற்றுக்கு வேண்டும். நடைபாதைக்காகப் போட்ட மெல்லிய சிலாப்பின் மேல் காரை ஏற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது. உடைந்த சிலாப்பில் கால் சிக்குபவர் யாராகவும் இருக்கலாம். மனைக்குள்ளிருந்து சரிந்து வரும் நீர் சாலைக்குப் போகாதபடி, கேட்டின் உட்புறத்திலேயே குறுக்காக ஒரு சிறு கால்வாய் வெட்டித் தட்டி போட்டு மழைநீர்க் குழிக்குத் திருப்பலாம்.

மின்கம்பம் வழியில் நின்றால் மின்வாரியத்தின் செக்‌ஷன் அலுவலகத்தில் விண்ணப்பித்து, அவர்கள் மதிப்பிட்ட தொகையை முன்கூட்டியே கட்டி, அவர்கள் மூலமே நகர்த்த வேண்டும். மரம் நின்றால் பெரும்பாலும் கேட்டை நகர்த்துவதே எளிது.

வங்கியில் கேட்கப்படுபவை

வீட்டுக் கடன் நிலுவையில் உள்ள சொத்தானால், மதிலைத் தொடுவதற்கு முன் கிளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மூல ஆவணம் வங்கியிடம் இருப்பதால், மாநகராட்சிக்குத் தேவையான படியைக் கிளையில் பெறலாம். சாலைக்காக நிலத்தில் ஒரு பகுதியை எழுதிக்கொடுக்கும் நிலை வந்தால், அடமானம் வைத்த சொத்தின் அளவே மாறுகிறது. வங்கியின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. வீட்டு மேம்பாட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்போரிடம் நிலவரி ரசீது, உடைமைச் சான்றிதழ், அனுமதியுடன் கூடிய வரைபடம், பொறியாளரின் மதிப்பீடு ஆகியவை கேட்கப்படும். மதிப்பீட்டில் கேட்டும் கூலியும் மட்டுமே எழுதி வருபவர்கள் பலர். கம்பம் நகர்த்தும் கட்டணம், சிலாப்பு, மதில் ஓரங்களைப் பலப்படுத்துதல், நடைபாதையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு ஆகியவை சேர்ந்தால் தொகை ஏறக்குறைய இருமடங்காகும். இடையில் மீண்டும் கடன் கேட்டு வருவதைவிட, தொடக்கத்திலேயே அவற்றைச் சேர்த்துவிடுவது நல்லது. அனுமதியின்றித் திறந்த வாயிலைச் சாலைத் துறை அடைக்கச் சொன்னால் அதற்காகச் செலவிட்ட கடன் அடைபடுவதில்லை, தவணை தொடரும்.

நாலாஞ்சிறாத் தம்பதியர் முன்பணம் கொடுத்திருந்த கேட்டின் அகலத்தைக் குறைத்து, உட்புறமாக மடங்கும் வகையில் மாற்றித் தரும்படி பட்டறையில் கேட்டுக்கொண்டனர். வீட்டின் பின்புறம் பயன்பாடற்றுக் கிடந்த விறகுப்புரையை இடித்ததில் கார் திரும்பும் களம் கிடைத்தது. சாக்கட்டி ஒத்திகையில் சிவப்புத் துணி நாற்பது மீட்டரில் மறைந்தது. மதிலின் வலப்பக்க முனையைத் தாழ்த்திய பிறகு எழுபது மீட்டருக்கும் அப்பால் தெரிந்தது. மாநகராட்சி அனுமதி முதலில் வந்தது. பொதுப்பணித் துறைப் பொறியாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு, வாயிலை ஒன்றரை மீட்டர் இடப்புறம் நகர்த்தச் சொன்னார். மின்கம்பம் மாறத் துலாமழை முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சந்துப் பக்கத்துப் பழைய வாயில் இன்னும் அப்படியே இருக்கிறது. பெரியவர் மாலையில் நடக்கப் போவது அதன் வழியாகத்தான்.